ஒரு தட்டு, நாலு மூச்சு: வீட்லயே சவுண்ட் பாத் பண்றது எப்படி

ஒரு வெண்கலக் கிண்ணத்தை மெதுவா ஒரு தட்டு தட்டுங்க. அந்த சத்தம் தேஞ்சு தேஞ்சு காதை விட்டுப் போறதுக்குள்ள நாலு மூச்சு, நாலும் நிதானமா, உள்ள இழுக்குறதை விட வெளிய விடுறது நீளமா. சத்தம் முழுசா போனதும் இன்னொரு தட்டு. இங்க நான் சொல்லப்போறது இந்த ஒரு விஷயத்தைத்தான், மிச்சமெல்லாம் கிண்ணத்தை எப்படி பாத்து வாங்குறது, எப்படி படுக்குறது, எதெல்லாம் பண்ணக்கூடாதுங்குற சமாச்சாரம்.

நான் இதுக்குள்ள வந்தது தூக்கம் இல்லாமத்தான். ஆறு வருஷம் நைட் ஷிஃப்ட், காலைல ஏழரைக்கு கேப் வீட்டு வாசல்ல எறக்கி விடும், உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும் ஆனா படுத்தா கண்ணு மூடாது, ஸ்க்ரீன்ல பாத்த நம்பரெல்லாம் கண்ணுக்குள்ளயே ஓடிட்டு இருக்கும், தாடை இறுகி பல்லைக் கடிச்சுட்டே படுத்திருக்கேன்னு எனக்கே தெரியாது, எழுந்திரிக்கும்போது வலிச்சாத்தான் தெரியும். எல்லாரும் தியானம் பண்ணுன்னாங்க. கண்ணை மூடி உக்காந்தா மனசு இன்னும் வேகமா ஓடும், பத்து நிமிஷம் தாங்காது. சத்தம்தான் எனக்கு வழி விட்டுச்சு. மனசை சும்மா இருன்னா அது இருக்காது, இந்த சத்தம் எங்க முடியுதுன்னு பாருன்னு ஒரு வேலையைக் குடுத்தா பாக்கும். சின்ன வயசுல கோயில்ல பெரிய மணியை அடிச்சுட்டு அதுக்குக் கீழயே நின்னு ங்ங்ங்னு அது அடங்குற வரைக்கும் கேட்டுட்டு நிப்போமே, அதேதான்.

சவுண்ட் பாத்னா பாய் விரிச்சு படுத்துக்குறோம், ஒருத்தர் சிங்கிங் பவுல் (மேல சொன்ன வெண்கலக் கிண்ணம்தான்), காங் (தொங்கவிட்டு அடிக்குற வட்டமான உலோகத் தட்டு), மணி, சைம்ஸ் இதெல்லாம் மெதுவா வாசிக்குறாங்க, பாட்டு மாதிரி ராகம் தாளம்னு எதுவும் இருக்காது, சத்தம் வந்து மேல படியுது, நாம கேட்டுட்டு கெடக்குறோம். திபெத் கிண்ணம்னு கடையில சொல்றது பெரும்பாலும் நேபாளத்துல அடிச்சது, காத்மாண்டுவை ஒட்டி இருக்குற பாட்டன் ஊர்ல உலோக வேலை ரொம்ப பழசு. 1970கள்ல அங்க போன வெளிநாட்டுக்காரங்க கையில எடுத்துட்டுப் போய்த்தான் இது உலகம் பூரா பரவுச்சு. வெள்ளையா பெருசா பாக்குறதுக்கு பீங்கான் அண்டா மாதிரி இருக்குமே கிறிஸ்டல் பவுல், அதோட கதை இன்னும் வேற, கம்ப்யூட்டர் சிப்புக்கு சிலிகான் உருக்குற குவார்ட்ஸ் மூசையில இருந்து வந்தது அது, யாரோ தட்டிப் பாத்து சத்தம் நல்லா இருக்கேன்னு எடுத்திருக்காங்க.

மூச்சுதான் மெயின்

இப்ப ஒரு சின்ன வேலை பண்ணிப் பாருங்க. இடது கை மணிக்கட்டுல கட்டை விரல் பக்கமா வலது கையோட ரெண்டு விரலை வச்சு நாடியைப் புடிங்க. மெதுவா மூச்சை இழுங்க, துடிப்பு கொஞ்சம் நெருக்கமா வரும். மெதுவா விடுங்க, இடைவெளி விட்டு விட்டு வரும். நாலஞ்சு தடவை பண்ணா நல்லாவே தெரியும், எனக்கு மொத தடவை தெரிஞ்சப்போ கொஞ்ச நேரம் கையை எடுக்கவே மனசு வரல. மூச்சை வெளிய விடும்போது மூளையில இருந்து இதயத்துக்கு வர்ற வேகஸ்னு ஒரு நரம்பு இதயத்துக்கு கொஞ்சம் பிரேக் போடுது. அதனாலதான் வெளிமூச்சை நீட்டணும்னு திரும்பத் திரும்ப சொல்றேன், நீட்டுற ஒவ்வொரு நொடியும் அந்த பிரேக் மேல காலு இருக்கு.

சாதாரணமா நாம நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 மூச்சு விடுறோம். அதை 6க்கு கொண்டு வந்தா, அதாவது ஒரு மூச்சுக்கு 10 செகண்ட்னு ஆனா, இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு மூணும் ஒரே தாளத்துல ஏறி எறங்க ஆரம்பிக்குது. 2001ல இத்தாலில ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, லூச்சியானோ பெர்னார்டின்னு ஒரு டாக்டரோட குழு. 23 பேரை ஒரு தடவை லத்தீன்ல ஜெபமாலை சொல்ல வச்சு, இன்னொரு தடவை ஓம் மணி பத்மே மந்திரம் சொல்ல வச்சு அளந்து பாத்தா, ரெண்டுலயும் மூச்சு தானா நிமிஷத்துக்கு 6 கிட்ட வந்து நின்னுச்சாம். எங்க தெருவுல சாயங்காலம் திண்ணையில உக்காந்து ஜெபமாலை உருட்டுற பாட்டியும், எதிர் வீட்ல நமச்சிவாயம் சொல்லிட்டு இருக்குற தாத்தாவும் மூச்சு விஷயத்துல ஒரே வேலையைத்தான் செய்றாங்கன்னு நெனைக்கும்போது எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கும்.

நம்ம பக்கத்துல திருமூலர் சொன்ன கணக்கு இருக்கு, இழுக்குறது 16 மாத்திரை, நிறுத்துறது 64, விடுறது 32. அந்த 64ஐ யாரும் வீட்ல தனியா ட்ரை பண்ணாதீங்க, அது குரு பக்கத்துல உக்காந்து பல வருஷம் பழகுனவங்களுக்கு. ஆனா இழுக்குறதுக்கு ரெண்டு பங்கா விடணும்ங்குற அந்த விகிதம் இருக்கே, அதை மட்டும் எடுத்துக்கலாம். நான் சொல்ற முறையில மூச்சை அடக்குறதே கெடையாது, 4 எண்ணி இழுக்குறோம், 6 எண்ணி விடுறோம், போகப் போக 4க்கு 8ன்னு கூட தானா போகும்.

கிண்ணம் வாங்குறது

பாத்திரக் கடைக்குப் போனா பாட்டி எதையுமே தட்டிப் பாக்காம வாங்க மாட்டாங்க, வெண்கலப் பானைன்னா விரல் கணுவால ஒரு தட்டு, காதை பக்கத்துல கொண்டு போய் கேப்பாங்க, விரிசல் இருந்தா ஜிர்ருன்னு சொல்லிடும். சிங்கிங் பவுலுக்கும் அதே பரீட்சைதான்.

உலோகத்தை மொதல்ல பாருங்க. வெண்கலம்னா செம்பும் வெள்ளீயமும், நல்ல கிண்ணத்துல நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கிட்டத்தட்ட இருக்கும், அதுதான் மணிக்கும் ஊத்துறது, சத்தம் நிக்கும். பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும், பளபளன்னு மஞ்சளா அழகா இருக்கும் ஆனா சத்தம் சீக்கிரம் செத்துடும். ஏழு கிரகத்துக்கு ஏழு உலோகம், உள்ள தங்கம் வெள்ளி எல்லாம் இருக்குன்னு சொல்லி வெலையை ஏத்துவாங்க, சோதிச்சுப் பாத்த கிண்ணங்கள்ல பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும்தான் இருந்திருக்கு, மத்ததெல்லாம் இருந்தாலும் தூசு அளவுதான், அதுக்காக ஒரு ரூபா கூட சேத்துக் குடுக்காதீங்க. வெளிப்பக்கம் நெறைய செதுக்கல் வேலை, எழுத்து, புத்தர் முகம்னு வழவழன்னு இருந்தா அது அச்சுல வாத்ததா இருக்க வாய்ப்பு அதிகம். கையால அடிச்சதுல சுத்தியல் பட்ட சின்னச் சின்னப் பள்ளம் தெரியும், வாய் விளிம்பு கூட ஒரே சீரா இருக்காது.

சைஸ் 12ல இருந்து 15 செ.மீ. அகலம், எடை அரை கிலோ சுமார், ஆரம்பிக்குறவங்களுக்கு இது போதும். இதை விட சின்னதுன்னா சத்தம் கீச்சுன்னு இருக்கும். கடையில கிண்ணத்தை விரிச்ச உள்ளங்கையில வச்சுக்கோங்க, விரல் பக்கச் சுவர்ல படக்கூடாது, பட்டா சத்தம் அங்கயே நின்னுடும். துணி சுத்துன குச்சியால ஒரு தட்டு தட்டிட்டு மனசுக்குள்ள எண்ணுங்க. 30 எண்ணுறதுக்கு முன்னாடி சத்தம் போச்சுன்னா திருப்பி வச்சுடுங்க. 40க்கு மேல போச்சுன்னா கையிலயே வச்சுட்டு அடுத்ததைப் பாருங்க. அப்புறம் சத்தத்துக்குள்ள ஒரு ஊஞ்சல் ஆடுற மாதிரி வ்வ்வோங் வ்வ்வோங்னு ஏறி எறங்கும், அது இருக்கணும். கையால அடிச்ச கிண்ணம் முழு வட்டமா இருக்காதுல்ல, அதனால ஒண்ணுக்கொண்ணு ரொம்ப கிட்ட இருக்குற ரெண்டு சுருதி சேந்து வரும், அந்த ரெண்டும் மோதுறதுதான் அந்த அலை. அந்த அலை மெதுவா இருக்குற கிண்ணமா பாத்து எடுங்க, செகண்டுக்கு ஒண்ணு ரெண்டு தடவை ஆடுனா மனசும் கூடவே ஆடும், படபடன்னு ஆடுனா எனக்கு எரிச்சல்தான் வருது.

ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா அந்த மாடலோட வீடியோ வேண்டாம், எனக்கு அனுப்பப்போற அதே கிண்ணத்தைத் தராசுல வச்சு ஒரு தடவை, தட்டி ஒரு தடவை வீடியோ எடுத்து அனுப்புங்கன்னு கேளுங்க. நேர்ல கேட்டே ஆகணும்னா புதுச்சேரி பக்கம் போறவங்க ஆரோவில்ல ஸ்வரம்னு ஒரு பட்டறை இருக்கு, 2003ல ஆரம்பிச்சது, மணி, சைம்ஸ், சத்தம் போடுற கல்லுன்னு விதவிதமா அங்கயே செய்றாங்க, ஒரு அரை நாள் காதுக்குன்னே ஒதுக்கிட்டுப் போங்க.

காசு போட முடியலயா, வீட்டுப் பரண்ல பழைய வெண்கலப் பானையோ கிண்ணமோ கெடக்குதான்னு பாருங்க. எங்க கும்பகோணத்து வீட்ல பொங்கலுக்கு மட்டும் எறங்குற பானை ஒண்ணு இருக்கு, பொங்கல் முடிஞ்சு கழுவி கவுத்து வைக்கும்போது விளிம்பு தரையில லேசா பட்டு எழுந்த சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் நான் கிண்ணம் வாங்குற யோசனைக்கே வந்தேன். அதுவும் இல்லன்னா போன்ல சுருதிப்பெட்டி ஆப் இருக்கு, தம்புரா சத்தத்தை கம்மியான வால்யூம்ல ஓடவிட்டா அதுவே போதும்.

காங் பத்தி ஒரு விஷயம். நான் மொதல்ல வாங்குனது ஒரு சின்ன காங்தான். ஹால்ல தொங்கவிட்டு ஆசையா ஒரு அடி அடிச்சேன், அம்மா அடுப்படிலருந்து கையில கரண்டியோட ஓடி வந்து, ஏண்டி நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள சேகண்டி அடிக்குறன்னு சத்தம் போட்டாங்க. எங்க பக்கம் சாவு ஊர்வலத்துல சங்கும் சேகண்டியும் முன்னாடி போகும், அந்த சத்தம் கேட்டா அம்மாவுக்கு உடம்பே இறுகிடுது, நான் என்ன வெளக்கம் சொன்னாலும் காது கேக்காது. அன்னைக்குத்தான் புரிஞ்சுது, ரிலாக்ஸ் ஆகுறது சத்தத்துல மட்டும் இல்ல, அந்த சத்தத்தோட நமக்கு இருக்குற ஒறவுலயும் இருக்குன்னு. கிண்ணத்தை அடிச்சப்போ அதே அம்மா கோயில் மணி மாதிரி இருக்குன்னு பக்கத்துல வந்து உக்காந்தாங்க. அதனால வீட்ல இருக்குறவங்ககிட்ட ஒரு தடவை தட்டிக் காட்டி கேட்டுட்டு வாங்குங்க.

தட்டுறது எப்படி

கிண்ணத்தை டைல்ஸ் மேலயோ மேஜை மேலயோ நேரா வைக்காதீங்க, கடகடன்னு ஆடும், சத்தமும் நிக்காது. கடையில குட்டி மெத்தை ஒண்ணு தருவாங்க, இல்லாட்டி பழைய காட்டன் துண்டை முறுக்கி வளையமா சும்மாடு மாதிரி சுத்தி அதுமேல வைங்க, பானைக்குப் பிரிமணை வைக்குறோம்ல அதே கணக்கு. குச்சியை ரெண்டு விரல்ல தளர்வா புடிச்சு, விளிம்புக்குக் கொஞ்சம் கீழ வெளிப்பக்கத்துல, பட்டதும் தானா எகிறி வர்ற மாதிரி தட்டணும். அழுத்தி அடிச்சா டங்குன்னு ஒரு அதட்டல் சத்தம் வரும், படுத்திருக்குறவங்க திடுக்குன்னு ஆயிடுவாங்க. துணியோ தோலோ சுத்துன பக்கம் ஆழமான சத்தம் குடுக்கும், வெறும் மரப்பக்கம் கூர்மையா இருக்கும், ரிலாக்ஸ் ஆக எப்பவும் துணிப்பக்கம்.

விளிம்பைச் சுத்தி குச்சியால தேச்சு பாட வைக்குறது இருக்குல்ல, அது வீடியோல பாக்க ஈஸியா இருக்கும், கையில வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும். எல்லாரும் பண்ற தப்பு வேகமா சுத்துறது. மொதல்ல ஒரு தட்டு தட்டி சத்தம் எழுப்பிட்டு, குச்சியை நேரா நிறுத்தி, விளிம்போட ஒட்டி, மாவாட்டுற மாதிரி ஒரே அழுத்தமா மெதுவா சுத்துங்க, மணிக்கட்டு திரும்பக்கூடாது, முழங்கைதான் சுத்தணும். கடகடன்னு கிண்ணம் எதிர்த்துப் பேசுச்சுன்னா அழுத்தம் பத்தல இல்லன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். வரலன்னா விடுங்க, சும்மா தட்டுறதே போதும்.

முழுசா ஒரு தடவை

சாப்ட்டு ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கணும். எனக்கு ராத்திரி ஒன்பதரைதான் செட் ஆகுது, அப்பதான் மிக்ஸி, குக்கர் விசில், எதிர் வீட்டு சீரியல் எல்லாம் ஓயும். போனை ஏரோப்ளேன் மோட்ல போடுங்க. பாய்க்கு மேல ஜமுக்காளம், தலைக்கு மெல்லிசா ஒண்ணு, முழங்காலுக்கு அடியில தலகாணி, இது முக்கியம், அப்பதான் நடு முதுகு தரையில ஒக்காரும். மேல ஒரு போர்வை வைங்க, சும்மா படுத்துக் கெடக்கும்போது உடம்பு குளிரும், மே மாசத்துல கூட எனக்குப் பாதியில குளிர் எடுத்திருக்கு. ஃபேன் டக் டக்னு சத்தம் போட்டா நிறுத்துங்க, ஆனா வெளிய நாய் குரைக்குறதையோ ஆட்டோ போறதையோ எதுவும் பண்ண முடியாது, அதையும் கேட்டுக்கோங்க, கிண்ணத்தோட சத்தத்துல அதுவும் ஒண்ணா போயிடும்.

மொத ரெண்டு மூணு நிமிஷம் மூச்சை மாத்த வேண்டாம், அது எங்க தட்டுதுன்னு மட்டும் பாருங்க, மூக்கு நுனியா, நெஞ்சா, வயிறா. ஒரு கையை தொப்புள் மேல வைங்க, கை மேல எழும்பி எறங்கணும், நெஞ்சு மட்டும் எழும்புதுன்னா மூச்சு மேலயே நிக்குதுன்னு அர்த்தம், அதட்டாதீங்க, கை இருக்குற எடத்துக்கு அது கொஞ்ச நேரத்துல எறங்கி வந்துடும்.

அடுத்து பெருமூச்சு. மூக்கு வழியா முக்கால்வாசி இழுத்து, அதுக்கு மேலயே இன்னொரு குட்டி இழுப்பு, அப்புறம் வாய் வழியா ஹாாானு நீளமா விடுங்க. அழுது முடிச்ச குழந்தை தூக்கத்துல விசும்பி ரெண்டு தடவை இழுத்து விடும்ல, அந்த மூச்சுதான் இது, உடம்புக்கு ஏற்கனவே தெரிஞ்சது. 2023ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல தினம் 5 நிமிஷம் ஒரு மாசம் இதைப் பண்ண வச்சு பாத்தாங்க, சும்மா மூச்சை கவனிக்குற தியானம் பண்ணவங்களை விட இவங்களுக்கு மனசு நல்லா தெளிஞ்சிருந்துச்சாம். இங்க நமக்கு அஞ்சாறு தடவை போதும், தோள்பட்டை தானா எறங்குறது தெரியும்.

இப்ப 4க்கு 6. ரெண்டும் மூக்கு வழியா. 4 எண்ணி இழுங்க, நிறுத்தாம 6 எண்ணி விடுங்க, நெஞ்சு நெறைய இழுக்க வேண்டாம், முக்கால் அளவு. எண்ணுறது கஷ்டமா இருந்தா 3க்கு 5ல ஆரம்பிங்க, ஆஸ்துமா இருக்குறவங்களும் அப்படித்தான் ஆரம்பிக்கணும். இது ஒரு 3 நிமிஷம் ஓடுனதும் கிண்ணத்துக்கு வாங்க.

வெளிமூச்சு ஆரம்பிக்குற அந்த நொடியில தட்டு விழணும். இழுக்கும்போது தட்டுனா உடம்பு முழிச்சுக்குது, விடும்போது தட்டுனா சத்தமும் மூச்சும் சேந்தே கீழ எறங்குது, ரெண்டையும் மாத்தி மாத்தி பண்ணிப் பாருங்க, வித்தியாசம் அவ்ளோ தெளிவா தெரியும். சத்தம் மெலிய மெலிய மூச்சையும் மெலிய விடுங்க, ரெண்டாவது மூச்சு, மூணாவது மூச்சு, நாலாவதுல சத்தம் இருக்கா இல்லையான்னே சந்தேகமா இருக்கும், காது கிண்ணத்தைத் தேடிட்டுப் போகும், அந்த எடத்துல மூச்சு எடுக்குறதே மறந்த மாதிரி அவ்ளோ லேசா ஆயிடும். அவசரப்பட்டு அடுத்த தட்டு தட்டாதீங்க. அந்த சந்தேகமான எடத்துலதான் நான் மொத தடவை என் தாடை தளர்ந்ததை கவனிச்சேன், பல்லுக்கு நடுவுல இடைவெளி விழுந்துச்சு, ஆறு வருஷத்துல அது என்னைக்கு கடைசியா நடந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்ல. ஒரு 15 தட்டு, 10 நிமிஷம் சுமாரா. உங்க கிண்ணம் 20 செகண்ட்ல அடங்குதுன்னா ஒரு தட்டுக்கு ரெண்டு மூச்சுன்னு வச்சுக்கோங்க.

அப்புறம் நம்ம சத்தம். வாயை மூடி, பல்லு ஒட்டாம, ம்ம்ம்ம்னு வண்டு மாதிரி ஹம் பண்ணுங்க, பிராமரின்னு யோகாவுல சொல்றது இதைத்தான். கிண்ணத்தோட சுருதிக்கே சேர ட்ரை பண்ணுங்க, சேந்துடுச்சுன்னா மண்டைக்குள்ள ஒரு அதிர்வு வரும், உங்க சத்தமா கிண்ணத்து சத்தமான்னு பிரிக்க முடியாது. சுருதி எட்டலன்னா கீழ எறங்கிப் பாடுங்க, தொண்டையை இறுக்காதீங்க. 2002ல ஸ்வீடன்ல கண்டுபுடிச்சாங்க, சும்மா மூச்சு விடுறதை விட ஹம் பண்ணும்போது மூக்கு வழியா வர்ற நைட்ரிக் ஆக்சைடு வாயு 15 மடங்கு அதிகம்னு, முகத்து எலும்புக்குள்ள இருக்குற சைனஸ் அறையெல்லாம் அந்த அதிர்வுல காத்தோட்டமாகுது. ஒரு ஏழு தடவை.

கடைசி 5 நிமிஷம் எந்த சத்தமும் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம். இதை மட்டும் விட்றாதீங்க, நேரம் இல்லன்னா தட்டு எண்ணிக்கையைக் கொறைங்க, இந்த அமைதியைக் கொறைக்காதீங்க. எழுந்திரிக்கும்போது வலது பக்கமா ஒருக்களிச்சு, ஒரு நிமிஷம் அப்படியே கெடந்து, கையை ஊணி எழுந்திரிங்க, டக்குன்னு எழுந்தா தலை சுத்தும். தூங்கிட்டீங்கன்னா ரொம்ப நல்லது, அதுக்குத்தானே பண்றோம்.

தனியா பண்றவங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு, படுத்துட்டு தட்டுறது கஷ்டம். சுவர்ல சாஞ்சு உக்காந்து கிண்ணத்தை வலது தொடை பக்கத்துல வச்சுட்டு தட்டலாம், இல்லன்னா சத்தத்தை 20 நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி வச்சு ஸ்பீக்கர்ல கேக்கலாம், போனோட சொந்த ஸ்பீக்கர்ல அந்த ஆழமான சத்தம் வராது. எல்லாத்தையும் விட நல்லது வீட்ல ஒருத்தரை தட்டச் சொல்றது. அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, என் வயித்தைப் பாரு, அது எறங்க ஆரம்பிக்கும்போது தட்டு, சத்தம் உனக்குக் கேக்குற வரைக்கும் அடுத்தது தட்டாத. குழந்தைங்க இதை ரொம்ப அழகா செய்வாங்க, சத்தம் முடிஞ்சதும் கையைத் தூக்குன்னு சொன்னா என் அக்கா பையன் கிண்ணத்தையே பாத்துட்டு அசையாம உக்காந்திருப்பான், ஒரு நிமிஷம் சேந்தாப்ல உக்காராத பையன்.

வேகமூச்சு பக்கம் போகாதீங்க

பிரீத்வொர்க்னு சொல்றதுல ரெண்டு ஜாதி இருக்கு, மூச்சை மெதுவாக்குறது ஒண்ணு, வேகமா ஆழமா ரொம்ப நேரம் விட்டு ஒரு மாதிரி மயக்க நிலைக்குக் கொண்டு போறது இன்னொண்ணு. ரெண்டாவது வகையில பேர் பெத்தது ஹோலோட்ரோபிக், 1970கள்ல ஸ்டானிஸ்லாவ் க்ரோஃப்னு ஒரு மனநல மருத்துவர் ஆரம்பிச்சது. ரிலாக்ஸ் ஆகணும்னு வர்றவங்களுக்கு அது தேவையே இல்லங்குறது என்னோட உறுதியான அபிப்பிராயம்.

நான் ஒரு வார இறுதி வகுப்புக்குப் போயிருந்தேன், சவுண்ட் பாத்னுதான் போட்டிருந்தாங்க, உள்ள போனதும் பெரிய ஸ்பீக்கர்ல பாட்டு, இருபது நிமிஷம் வேக வேகமா மூச்சு விடச் சொன்னாங்க, நிறுத்தாதீங்க நிறுத்தாதீங்கன்னு மைக்ல ஒரே கத்தல். பத்தாவது நிமிஷத்துல உதடு மரத்துச்சு, அப்புறம் ரெண்டு கை விரலும் தானா உள்பக்கம் மடங்கி நண்டுக் கால் மாதிரி நின்னுடுச்சு, நிமுத்தவே முடியல. பயத்துல அழுதேன், உங்க உள்ள இருக்குற வலி வெளிய வருதுன்னு சொல்லி அவங்க தொடரச் சொன்னாங்க. அப்புறம் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தங்க வெளக்குனாங்க, வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறைஞ்சுடுது, மூளைக்குப் போற ரத்தக் குழாய் சுருங்குது, ரத்தத்துல கால்சியம் கணக்கு மாறி தசை இழுத்துப் புடிக்குது, அவ்ளோதான். மூச்சை சாதாரணமாக்குனா கொஞ்ச நேரத்துல சரியாயிடும். உங்களுக்கு எங்கயாவது இப்படி ஆனா நிறுத்துங்க, எழுந்து உக்காருங்க, கண்ணைத் தொறங்க, மூக்கு வழியா மட்டும் மெதுவா விடுங்க, யார் தொடரச் சொன்னாலும் கேக்காதீங்க. வேகமூச்சு, மூச்சடக்குறது ரெண்டையும் தண்ணிக்குள்ளயோ குளத்துப் பக்கமோ பண்ணவே கூடாது, நெனவு தப்புனா அவ்ளோதான், உயிர் போற விஷயம்.

வலிப்பு நோய் உள்ளவங்க, பேஸ்மேக்கர் வச்சவங்க, கர்ப்பிணிங்க, காதுல எப்பவும் இரைச்சல் கேக்குறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க, கிண்ணத்தை உடம்பு மேல வச்சு தட்டுற முறையை இவங்க யாரும் செய்ய வேண்டாம். சில பேருக்கு மூச்சை கவனிச்சாலே படபடப்பு கூடும், பேனிக் அட்டாக் வந்து பழக்கப்பட்டவங்களுக்கு இது சகஜம், அவங்க மூச்சு எண்ணிக்கையை விட்டுட்டு, கண்ணைத் தொறந்து வச்சு, வெறும் சத்தத்தை மட்டும் கேட்டா போதும். தூக்க மாத்திரையோ மனநல மருந்தோ சாப்பிடுறவங்க இதை நம்பி அதை நிறுத்தவே கூடாது.

குரூப் செஷனுக்குப் போறதுன்னா முன்னாடியே போன் பண்ணி மூணு கேள்வி கேளுங்க, வேகமூச்சு இருக்கா, தொடுவீங்களா, காங் எத்தனை இருக்குன்னு. மொத தடவை கதவுப் பக்கமா, காங்ல இருந்து தள்ளி படுங்க, பெரிய காங் பக்கத்துல காது வலிக்குற அளவு சத்தம் வரும். கேன்சர் போகும், சர்க்கரை போகும்னு யாராவது சொன்னா பாயைச் சுருட்டிட்டு வந்துடுங்க. 528 ஹெர்ட்ஸ் டிஎன்ஏவை ரிப்பேர் பண்ணும், 432 தான் பிரபஞ்ச சுருதின்னு சொல்றதுக்கும் ஆதாரம் கெடையாது, கையால அடிச்ச கிண்ணம் எந்த நம்பருக்கும் சரியா நிக்காது, ஒரே நேரத்துல பல சுருதி அதுல பேசுது, அதோட அழகே அதுதான். சிங்கிங் பவுல் வச்சு அமெரிக்கால 62 பேர்கிட்ட ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, டென்ஷன், கோவம், சோர்வு எல்லாம் நல்லா கொறைஞ்சதுன்னு வந்துச்சு, ஆனா கிண்ணம் இல்லாம சும்மா படுத்திருந்தவங்களோட அதை ஒப்பிட்டுப் பாக்கல. அதனால நான் கிண்ணத்துக்கு எந்த மந்திர சக்தியும் சொல்ல மாட்டேன், மூச்சை மெதுவாக்க அது ஒரு நல்ல துணை, எனக்கு அது போதும்.

தினம் முழுசா பண்ண முடியலன்னா வாரம் ரெண்டு தடவை முழு அரை மணி நேரம், மத்த நாள்ல படுக்கப் போறதுக்கு முன்னாடி மூணே மூணு தட்டு, பன்னெண்டு மூச்சு.

கிண்ணத்தை மத்த பாத்திரத்தோட அடுக்காதீங்க, கீழ விழுந்தா மயிரிழை விரிசல் விட்டாலும் சத்தம் போச்சு. எண்ணெய்க் கை பட்டா மெல்லிசா புளி தேச்சு கழுவி உடனே துணியால துடைச்சு வைங்க, ஸ்க்ரப்பர் போடாதீங்க, வாரா வாரம் பளபளன்னு தேய்க்கவும் வேண்டாம், கொஞ்சம் கருத்துப் போனா சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது. எங்க வீட்ல அது இப்ப சாமி ரூம் வாசல்ல பிரிமணை மேல இருக்கு, நான் நைட் ஷிஃப்ட் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, ராத்திரி அம்மாதான் தட்டுறாங்க.